கராஜை வீடாக்குவதா, கொல்லையில் தனி வீடு கட்டுவதா?

அப்பாவும் அம்மாவும் இனி எங்களோடுதான் இருக்கப்போகிறார்கள் என்று முடிவானதும், எங்கள் கலிஃபோர்னியா வீட்டில் அவர்களுக்குத் தனிக் கதவு, தனிச் சமையலறை, தனிக் குளியலறை வேண்டும் என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடே இல்லை. எங்கே கட்டுவது என்பதில்தான் எட்டு மாதம் ஓடியது. கொல்லையில் புதிதாக ஒரு சின்ன வீடு கட்டலாம். இல்லையென்றால் வீட்டோடு ஒட்டிய கராஜை மாற்றலாம். கராஜைத்தான் மாற்றினோம். அவர்கள் அதில் குடிவந்து ஒரு வருடமாகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டுமே எளிதுதான். இங்கே இந்த வகைத் துணை வீட்டை ஏடியு என்பார்கள். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டங்கள் நகராட்சிகள் போட்டுவந்த முட்டுக்கட்டைகளில் பலவற்றை எடுத்துவிட்டன. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 60 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அக்கம்பக்கத்தாரை அழைத்து விசாரணை நடத்துவதெல்லாம் கிடையாது. தனி வீடானால் பக்கவாட்டிலும் பின்னாலும் 4 அடி விட்டு, 16 அடி உயரத்துக்குள், 800 சதுர அடி வரை கட்டுவதை நகரம் தடுக்க முடியாது. கராஜ் என்றால் பழைய சுவர் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். அங்கே நின்ற கார்களுக்கு வேறு இடம் காட்டு என்று கேட்கவும் கூடாது. 750 சதுர அடிக்குக் கீழே இருந்தால் நகர வளர்ச்சிக் கட்டணமும் இல்லை. சொத்து வரி புதிதாகச் சேர்ந்த பகுதியின் மதிப்புக்கு மட்டும்தான் கூடும். பழைய வீட்டின் மதிப்பைத் தொட மாட்டார்கள்.

எங்களுக்கு விஷயத்தை முடிவு செய்தது கழிவுநீர்க் குழாயின் வாட்டம், அதாவது சரிவு. வீட்டுக்குக் கட்டடப் படம் வரைபவரிடம் போவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் இதை அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்வேன். நாங்கள் செய்யவில்லை, தனி வீட்டுக்குப் படம் போட்டுக் காசும் கொடுத்த பிறகுதான் பிளம்பரைக் கூப்பிட்டோம்.

கழிவு தானாக ஓட வேண்டுமானால் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். கொல்லைக் கோடியில் நாங்கள் நினைத்த குளியலறையிலிருந்து வீட்டுக் குழாயில் சேரும் இடம் 80 அடி. அதற்கே 20 அங்குல இறக்கம். கழிப்பறைக்குக் கீழே குழாய் கிளம்பும்போதே தரைக்கு 12 அங்குலம் கீழே இருக்கும். எங்கள் கொல்லையோ வீட்டுத் தரைமட்டத்தைவிட 8 அங்குலம் பள்ளம். மூன்றையும் கூட்டினால் 40. பிளம்பர் மூடியைத் திறந்து அளந்தபோது, சேர வேண்டிய குழாய் 26 அங்குல ஆழத்தில்தான் இருந்தது. 4 அங்குலக் குழாய் போட்டு, அதிகாரியின் சம்மதத்தோடு வாட்டத்தை அடிக்கு அரைக்கால் அங்குலமாகக் குறைத்தாலும் 30 வருகிறது. அப்போதும் எட்டவில்லை.

அப்புறம் இருப்பது ஒரே வழி: குழி தோண்டித் தொட்டி வைத்து, பம்ப் போட்டுக் கழிவை மேலே தள்ள வேண்டும். அதைச் செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் அது ஓடும் இயந்திரம், ஒருநாள் பழுதாகும். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் காட்டுத்தீக்குப் பயந்து மின்சாரத்தை நிறுத்திவைக்கும் மாநிலம் இது. எழுபது வயது தாண்டிய இரண்டு பேர் கரண்ட் வரும்வரை கழிப்பறையைப் பயன்படுத்தாமல் காத்திருக்க வேண்டும் என்ற நினைப்பே எங்களுக்கு ஒத்துவரவில்லை. தெருவுக்குப் போகும் எங்கள் குழாய் கராஜை ஒட்டியே போகிறது. 15 அடி தூரம்; இறக்கம் நாலு அங்குலம்கூட இல்லை. கான்கிரீட் தரையை ஒரு கோடாக வெட்டிக் குழாயைப் பதித்து மூடினார்கள். இருக்கிற கட்டடத்துக்குள் ஏடியு அமைத்தால் புதிதாகத் தனி இணைப்பு எடு என்று பொதுவாகக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

கராஜுக்கும் தொல்லைகள் உண்டு. தரை கதவுப்பக்கம் சரிந்திருக்கும், சமப்படுத்த வேண்டும். அடியில் ஈரம் தடுக்கும் விரிப்பு பழைய கராஜ்களில் பெரும்பாலும் இருக்காது. படுக்கும் இடத்தில் அவசரத்துக்கு ஆள் வெளியேறும் அளவு ஜன்னல் கட்டாயம். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தண்ணீர் ஹீட்டரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் இடம் மாற்றினோம். ஈரத்தைப் பற்றி மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறோம். இதுவரை தரை காய்ந்தே இருக்கிறது.

தனி வீட்டுக்கு வெளிச்சமும் அமைதியும் கூடுதல், அதை மறுக்க மாட்டேன். நாளைக்கு வாடகைக்கு விட்டாலும் இரு தரப்புக்கும் அதுதான் வசதி என்று தோன்றுகிறது. நாங்கள் வாடகைக்கு விட்டதில்லை. சான் ஹோசே போன்ற நகரங்கள் 2024 முதல் ஏடியுவைத் தனியாக விற்கவும் வழி செய்திருக்கின்றன; விற்கும் எண்ணம் இருப்பவர்கள் அந்தக் கோணத்தில் பார்க்கட்டும். ஆனால் புதுக் கட்டடம் என்பதால் பெரும்பாலும் சோலார் தகடும் போட வேண்டிவரும். கராஜ் மாற்றத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஒரு ஷெட்டை வாங்கி வைத்துக் கட்டில் போட்டுவிடலாமே என்று ஒரு உறவினர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். 120 சதுர அடிக்குள் ஒற்றைத் தள ஷெட்டுக்குக் கட்டட பர்மிட் தேவையில்லை என்பது சாமான் வைப்பதற்குத்தான், ஆள் தூங்குவதற்கு இல்லை. மின்சாரமோ குழாயோ இழுத்தால் அதற்குத் தனியாக பர்மிட் வேண்டும்.

அந்த 120 சதுர அடி ஷெட்டை நாங்களும் போட்டோம். கராஜில் இருந்த சைக்கிள்களும் ஏணியும் கொலுப் பெட்டிகளும் இப்போது அங்கேதான் இருக்கின்றன.