ராக்பெல்லர், கார்னகி: யார் செய்தது பெரிய தவறு?

அமெரிக்க எண்ணெய் முதலாளி ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம், ரயில் நிறுவனங்களிடம் ரகசியக் கட்டணத் தள்ளுபடி வாங்கிப் போட்டியாளர்களை நசுக்கியது. ஆனால் மண்ணெண்ணெய் விலை குறைந்தது, ஏழை வீட்டிலும் விளக்கு எரிந்தது. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைப் பல துண்டுகளாக உடைத்தது சரிதான்.

அமெரிக்க எஃகு முதலாளி கார்னகியின் தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் கை வைத்தது தொழிலாளியின் கூலியில். 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்தவர்களை வெளியே தள்ளிப் பூட்டுப் போட்டார் அவருடைய கூட்டாளி ஃபிரிக். பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் சுமார் 300 பேர் துப்பாக்கிகளோடு படகில் வந்தார்கள். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. தொழிற்சங்கத்தை ஒழிக்கச் சம்மதம் கொடுத்திருந்த கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். இதே கார்னகி 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் தந்தார். நல்ல காரியம்தான். ஆனால் 12 மணி நேரம் உலையடியில் நின்றவர் எப்போது போய்ப் படிப்பார்?