ஹரால்டா, யென்ஸா? டேனிஷ் ஆண்பெயர்களில் இரண்டு கட்சிகள்

டென்மார்க்கில் யெல்லிங் என்றொரு சிற்றூர். அங்கே 10ஆம் நூற்றாண்டில் ஹரால்ட் மன்னர் தன் அப்பா கோர்ம், அம்மா தூரா நினைவாக நட்ட பெரிய கல் இன்றும் நிற்கிறது. டென்மார்க்கையும் நார்வேயையும் வென்றதையும், டேனியர்களைக் கிறிஸ்தவர்கள் ஆக்கியதையும் அதில் ரூன் என்ற பழைய வடஐரோப்பிய எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார். அந்த நாட்டுப் பையன்களின் பெயர்கள் இரண்டாகப் பிரிவது ஏறக்குறைய இந்தக் கல்லில்தான். அதற்கு முந்தியவை மண்ணில் முளைத்தவை. பிந்தியவை சர்ச்சோடு கப்பலேறி வந்தவை.

முதல் கட்சிக்குப் பொருள் பளிச்சென்று தெரியும். ஹரால்ட் என்றால் படையை ஆள்பவன். பியோர்ன் கரடி, உல்ஃப் ஓநாய், ஸ்வென் இளைஞன். டோர்பன் என்பது இடிக்கடவுள் தோரின் கரடி. இங்கிலாந்தையும் சேர்த்து ஆண்ட க்னூட்டின் பெயருக்கு முடிச்சு என்று பொருள். உங்கள் போனில் இருக்கும் புளூடூத் குறியை ஒரு முறை உற்றுப் பாருங்கள். ‘நீலப்பல்’ என்ற பட்டப்பெயர் கொண்ட அதே ஹரால்டின் முதலெழுத்துகளான இரண்டு ரூன்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் அது. கம்பீரத்துக்கு இந்தப் பெயர்களிடம் குறைவே இல்லை.

இருந்தாலும் என் மனசு இரண்டாவது கட்சிப் பக்கம்தான். காரணம், டேனியர்களின் வாய் அந்த வெளியூர்ப் பெயர்களைச் செய்திருக்கும் வேலை. யோஹன்னஸ் என்ற நீளப் பெயரைத் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் யென்ஸ் ஆக்கினார்கள், இன்னொரு பக்கம் ஹன்ஸ். நிக்கொலாஸ் நீல்ஸ் ஆனது, லவ்ரென்தியுஸ் லார்ஸ் ஆனது. ‘அன்புக்குரியவன்’ என்ற கிரேக்கப் பொருள் கொண்ட எராஸ்முஸ் தலையை இழந்து ராஸ்முஸ் ஆனது. கண்டிப்பானவன் என்று பொருள்படும் லத்தீன் செவெரினுஸ்தான் சோரன். தத்துவ அறிஞர் கியெர்கெகோரின் முதல் பெயர் அது. ‘கடவுளின் கொடை’யான மத்தியாஸ், மாஸ் என்று ஒரே அசையாகச் சுருங்கிவிட்டது. எழுத்தில் நடுவே ஒரு ‘ட்’ உண்டு, உச்சரிக்க மாட்டார்கள்.

நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் இதே பெயர்களுக்கு வேறு வழி கண்டார்கள். ‘கடவுள் அருளினார்’ என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு யோவானை அருளப்பர் என்றார்கள். கிரீடம் என்று பொருள்படும் ஸ்தேவானை முடியப்பர் என்றார்கள். நாம் பொருளை வைத்துக்கொண்டு ஒலியை மாற்றினோம், டேனியர்கள் ஒலியை வைத்துக்கொண்டு அதையும் தேய்த்தார்கள். அழகில் அருளப்பருக்கே என் ஓட்டு. ஆனால் ஏர் பிடித்தவன், மீன் பிடித்தவன் வாயில் புழங்கிப் புழங்கி மழுங்கிய தடம் யென்ஸிடம்தான் தெரிகிறது.

குடும்பப் பெயர்களைப் பார்த்தாலும் அப்படித்தான். நீல்ஸின் மகன் நீல்சன், யென்ஸின் மகன் யென்சன், ஹன்ஸின் மகன் ஹன்சன். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்ததை 1828இல் அரசாணை போட்டு நிலைநிறுத்தச் சொன்னார்கள். இன்றும் டென்மார்க்கில் எங்கு திரும்பினாலும் இந்த ‘சன்’கள்தான். தந்தைவழித் தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. பெயரன்தான் பேரன் ஆனது என்று அறிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அரண்மனை இரண்டு கட்சிக்கும் நடுவே நின்றது. ‘அமைதியாக ஆள்பவன்’ என்ற ஜெர்மானியப் பெயரான ஃபிரெடெரிக், சர்ச்சுப் பெயரான கிறிஸ்டியன், மறுபடி ஃபிரெடெரிக் என்று 1972 வரை மாறி மாறி வந்தார்கள். 1620இல் தரங்கம்பாடிக்கு டேனியர்கள் வந்தபோது ஆண்டவர் நான்காம் கிறிஸ்டியன். 1706இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவை அங்கே அனுப்பியவர் நான்காம் ஃபிரெடெரிக். 2024 முதல் பத்தாம் ஃபிரெடெரிக் ஆள்கிறார், பட்டத்து இளவரசர் கிறிஸ்டியன்.

இப்போது வில்லியம், நோவா, ஆஸ்கர் போன்ற எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் பெயர்களுக்குத்தான் மவுசு. பிறந்து ஆறு மாதத்துக்குள் பெயர் வைத்தாக வேண்டும், அங்கீகரித்த பட்டியலில் இல்லாத பெயருக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பட்டியலில் யென்ஸ் இருக்கிறது, வைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடு என்றால் ஆக்செல் என்பேன். கேட்டால் வைக்கிங் கப்பலிலிருந்து இறங்கியது போல ஒலிக்கும். உண்மையில் அது எபிரேய அப்சலோம், அதாவது ‘அமைதியின் தந்தை’. கோபன்ஹேகனை நிறுவியவராகக் கருதப்படும் 12ஆம் நூற்றாண்டு ஆயர் அப்சலோனின் பெயரும் அதுவே. நகரத்து நடுவில், ஹொய்ப்ரோ சதுக்கத்தில், கையில் கோடரியோடு குதிரைமேல் அமர்ந்திருக்கிறார்.