ஆய்வுக்குழுவின் பொதுச் சர்வரில் ஆறு ஆண்டுகள்

மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் படிப்படியாகக் கணக்கிடும் மூலக்கூறு இயக்கக் கணிப்புகள் செய்யும் ஓர் ஆய்வுக்குழுவில் நான் சேர்ந்தபோது, பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே சர்வர்தான் இருந்தது. அதில் 32 கோர்களும் (தனித்தனியாகக் கணக்கிடும் செயலிப் பகுதிகள்) 128 ஜிபி ரேமும் இருந்தன; வேலைகளை வரிசையில் நிறுத்தும் கியூ என்று எதுவும் இல்லை. பேருந்தில் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் போல, வாட்ஸ்அப் குழுவில் "இன்றிரவு 16 கோர் எனக்கு" என்று எழுதிவிட்டால் அதுவே முன்பதிவாகக் கருதப்பட்டது.

அந்த ஏற்பாட்டின் பலவீனம் ஓர் இரவில் வெளிப்பட்டது. மூலக்கூறு இயக்க மென்பொருளான கிரோமாக்ஸில், நாளொன்றுக்கு 20 நானோசெகண்ட் அளவு மூலக்கூறு அசைவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த என் கணிப்பு திடீரென்று மூன்றுக்கு இறங்கியது. எந்த நிரல் எவ்வளவு கோர் எடுக்கிறது என்று காட்டும் எச்டாப்பைத் திறந்து பார்த்தபோது, நண்பர் ஒருவர் எட்டு பைத்தான் ஸ்கிரிப்ட்களை ஒரே நேரத்தில் ஓட்டியிருப்பது தெரிந்தது. ஸ்கிரிப்டுக்கு ஒரு கோர் வீதம் எட்டு கோர்தான் எடுத்துக்கொள்கிறோம் என்றே அவர் உண்மையாக நம்பியிருந்தார். ஆனால் பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பை (NumPy) பயன்படுத்தும் ஓப்பன்பிளாஸ் நூலகம், வேறெதுவும் சொல்லாவிட்டால், இயந்திரத்தில் எத்தனை கோர் உண்டோ அத்தனை திரெட்களை (இணையாக ஓடும் கணக்கு இழைகளை) தொடங்கிவிடும். ஆகவே 32 கோர்களின் மேல் 256 திரெட்கள் மோதிக்கொண்டிருந்தன. கிரோமாக்ஸில் ஒவ்வொரு படியின் முடிவிலும் எல்லாத் திரெட்களும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டும் என்பதால், ஒன்று தாமதித்தாலே மொத்தமும் தாமதிக்கும். திரெட் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒரே வரியை அவர் ஸ்கிரிப்டின் தலையில் சேர்த்ததும் சிக்கல் தீர்ந்தது, எங்கள் இருவருக்கும் இடையிலான இரண்டு நாள் மௌனத்தைத் தவிர.

அதன்பிறகு கிராஃபிக்ஸ் செயலியான ஜிபியூ கொண்ட இரண்டு இயந்திரங்கள் வந்தன. கூடவே, யார் வேலை எப்போது ஓடும் என்று வரிசைப்படுத்தும் ஸ்லர்மும் நிறுவப்பட்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் தொடங்கி, இன்று உலகின் பெரிய சூப்பர்கணினிகள் பலவற்றில் இயங்கும் அந்த மென்பொருள், பதினொரு பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு மிகை என்றே முதலில் தோன்றியது. போதாக்குறைக்கு, முதல் சில மாதங்கள் நிலைமை முன்பைவிட மோசமாகவே இருந்தது. கோர்கள் சும்மா கிடப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் ஸ்லர்மிடம் கொடுத்த என் வேலை, அதாவது ஜாப், இரண்டு நாட்கள் கியூவில் நிற்கும்.

காரணம் ஸ்லர்மில் இல்லை. ஜாப் அனுப்ப மூத்த மாணவர் ஒருவர் எழுதிவைத்த ஸ்கிரிப்டையே எல்லோரும் நகலெடுத்தோம். அதில் நேர வரம்பு ஏழு நாட்கள் என்று இருந்தது. பெரிய ஜாப் ஒன்று போதிய கோர்கள் காலியாவதற்குக் காத்திருக்கும்போது, அதைத் தாமதப்படுத்தாமல் முடிந்துவிடக்கூடிய சிறிய ஜாப்களை இடைவெளியில் நுழைத்து ஓட்டுவது ஸ்லர்மின் வழக்கம்; இதைத்தான் பேக்ஃபில் என்கிறார்கள். ஒன்பது மணி நேரத்தில் முடியும் வேலைக்கு ஏழு நாள் கேட்டால் அது எந்த இடைவெளியில் நுழையும்? நான் வரம்பைப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்தேன். அதுவரை இரண்டு நாள் நின்ற அதே வகை ஜாப், அன்று மாலைத் தேநீர் முடிந்து திரும்புவதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. வரம்பு தப்பிவிடுமோ என்ற அச்சமும் வீண்தான், ஏனெனில் கிரோமாக்ஸ் தானாகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை, விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் செக்பாயின்ட் எழுதுகிறது. ஜாப் இடையில் வெட்டப்பட்டாலும் இழப்பது அதிகபட்சம் கால் மணி நேரம்தான்.

சேமிப்பு குறித்து எனக்குக் கசப்பான நினைவு ஒன்று உண்டு. தற்காலிகச் சேமிப்புக்கான ஸ்கிராட்ச் பகுதியில் 30 நாட்கள் தொடப்படாத கோப்புகள் அழிக்கப்படும் என்பது விதி. அறிவிப்பு மின்னஞ்சலை நான் படிக்காமல் விட்டேன். மூன்று வாரக் கணிப்பின் டிராஜெக்டரி, அதாவது மூலக்கூறு அசைவின் முழுப் பதிவு, போய்விட்டது. தரவைப் பல டிஸ்க்குகளில் பரப்பிக் காக்கும் ரெய்டு 6 இருக்கிறதே என்று நிர்வாகியிடம் கேட்டேன். இரண்டு டிஸ்க் பழுதானாலும் தரவைக் காப்பது அதன் வேலை, அழிக்கச் சொல்லி அழித்ததை மீட்பது அன்று என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

இன்றுவரை தீராத குறை ஒன்றுதான்: உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்ட உதவும் ஜூப்பிட்டர் நோட்புக். உலாவியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பின்னணியில் நிரலை ஓட்டும் கெர்னல் மட்டும் இரவெல்லாம் உயிரோடிருக்கிறது. ஜிபியூவின் பயன்பாடு 0 சதவீதம், நினைவகமோ நிரம்பியிருக்கும். இதற்குத் தனிப் பகுதியும் நான்கு மணி நேர வரம்பும் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

பழைய ஸ்கிரிப்டை மட்டும் நானே மாற்றிவிட்டேன். ஏழு நாட்கள் என்றிருந்த இடத்தில் இப்போது "நேரத்தை நிரப்பவும்" என்று இருக்கிறது. நிரப்பாமல் அனுப்பினால் ஸ்லர்ம் ஏற்காது. அண்மையில் சேர்ந்த மாணவி, "எவ்வளவு போடணும் அக்கா?" என்று கேட்டார். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, லாக் கோப்பின் கடைசியில் ஒரு நாளைக்கு எத்தனை நானோசெகண்ட் என்று வருகிறதோ அதைக் கொண்டு கணக்குப் போடச் சொன்னேன். அவருக்கு நாளொன்றுக்கு 50 வந்தது, வேண்டியது 100. இரண்டு நாட்களோடு ஆறு மணி நேரம் கூட்டிப் போட்டார்.