ஏஎஃப்எம் படத்துக்கு சாம்பிளை வெளியே அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

டிஎன்ஏவோடு ஒட்டும் ஒரு புரதத்தை ஏஎஃப்எம்மில், அதாவது ஊசி போன்ற நுண்ணிய முனையால் பரப்பைத் தடவி மேடுபள்ளத்தைப் படமாக்கும் அணுவிசை நுண்ணோக்கியில், பார்க்க வேண்டியிருந்தது. எங்களிடம் கருவி இல்லை. சாம்பிள் தயாரிப்பிலிருந்து படம் வரை எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று காசு வாங்கிய ஓர் இடத்துக்கு அனுப்பினேன்.

வந்த படங்கள் பளிச்சென்று இருந்தன. 'புரதம் தெளிவாகத் தெரிகிறது' என்று அறிக்கை வேறு. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரே மாதிரி முக்கோணம், எல்லாம் ஒரே பக்கம் திரும்பியபடி. சாம்பிளைச் சொட்டுவிடும் மைக்கா (அப்பிரகம்) தகட்டின்மேல் தாறுமாறாகப் படியும் மூலக்கூறுகள் அப்படி அணிவகுத்து நிற்காது. கருவியின் முனை உடைந்தோ மழுங்கியோ இருந்தால்தான் இப்படி வரும். சாம்பிளுக்குப் பதிலாக முனையின் வடிவமே திரும்பத் திரும்பப் பதிவாகும். உயரமோ 20 நானோமீட்டர். டிஎன்ஏவின் விட்டமே 2 நானோமீட்டர்தான், உலர்த்தி அளந்தால் இன்னும் குறையும். அந்த டிஎன்ஏ இழை ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

விடாமல் கேட்டு மூலக் கோப்பை வாங்கினேன். அவர்கள் வெட்டி நீக்கியிருந்த ஓரத்தில் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் உயரத்துக்கு உப்புக் குவியல்! சாம்பிள் இருந்த பஃபரை (உப்புக் கரைசலை) சொட்டுவிட்டு அப்படியே காயவைத்திருக்கிறார்கள். செலோடேப்பால் மைக்காவின் மேலடுக்கை உரித்து, உடனே சொட்டுவிட்டு, சில நிமிடம் கழித்து சுத்த நீரில் அலசி, நைட்ரஜன் ஊதி உலர்த்த வேண்டும். இவ்வளவுதான் வேலை. மைக்காவும் டிஎன்ஏவும் நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டவை, இடையில் மெக்னீசியமோ நிக்கலோ இல்லாமல் ஒட்டாது என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். சேர்த்தீர்களா என்றால் பதில் இல்லை. மைக்காவை எப்போது உரித்தீர்கள் என்றால், 'உரித்தே வைத்திருப்போம்' என்கிறார்கள். காற்றில் கிடந்த பரப்பில் என்னென்ன படிந்திருக்கும்! பஃபர் மட்டும் விட்ட மைக்காவை ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை.

அப்புறம், 'மறுபடி பணம் கட்டுங்கள், மைக்காவுக்குப் பதில் கிராஃபைட்டில் எடுத்துத் தருகிறோம்' என்றார்கள். கிராஃபைட் பரப்பில் படிக்கட்டு போல இருக்கும் விளிம்புகளே டிஎன்ஏ போலத் தோன்றி ஏமாற்றும் என்று 1991இலேயே சயன்ஸ் இதழில் கட்டுரை வந்துவிட்டது. பணம் திரும்பவில்லை. அதைவிட, பாடுபட்டுச் சுத்திகரித்த புரதம் வீணானதுதான் ஆற்றாமை.

பணம் கட்டும் முன்பே மூலக் கோப்பும் வெற்று மைக்காவின் படமும் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். சாம்பிளில் பாதியைக் கையில் வையுங்கள். மிச்சம் வைத்திருந்ததை வேறோர் ஆய்வகத்தில், என் கண்முன்னே உரித்த மைக்காவில் போட்டோம். இழைகளும் அவற்றின்மேல் புரதமும் முதல் ஸ்கேனிலேயே தெரிந்தன.