எழுபதாயிரம் சொன்னார்கள், 5,800-இல் முடிந்தது

காலையில் என் ஆட்டோமேட்டிக் கியர் காரை எடுத்ததும் வாசலில் நாலைந்து சிவப்புச் சொட்டு. ஏசி தண்ணீர் என்று ஒரு வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன், ஏசி தண்ணீர் எங்கே சிவப்பாக இருக்கும்? அப்புறம் ஒருநாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போலக் காத்துக் கிடந்து, கேட் திறந்ததும் கியரை டி-யில் (முன்னால் ஓட்டும் நிலை) போட்டால் மூன்று எண்ணிய பிறகுதான் வண்டி நகர்கிறது. பின்னால் நின்ற பஸ் டிரைவர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

தஞ்சாவூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கணும், எழுபதாயிரம் ஆகும் என்றார்கள்.

சித்தப்பா சொல்லித்தான் மன்னார்குடி ரோட்டில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன். போர்டு கிடையாது, புளியமரம்தான் அடையாளம். மெக்கானிக் அண்ணன் முதலில் அடிப்பக்கம் முழுவதையும் கழுவித் துடைத்தார். சொட்டுவது கியர்பாக்ஸ் ஆயில், ஓடும்போது காற்றில் பின்னால் பரவிவிடும், நனைந்த இடமெல்லாம் ஒழுகும் இடம் இல்லையாம். "பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க சார்" என்றார். வந்ததும் குழிமேல் நிறுத்தி, என்னையும் உள்ளே இறக்கி டார்ச் அடித்துக் காட்டினார். கியர்பாக்ஸின் அடித்தட்டு காஸ்கெட்டில் ஈரமே இல்லை, ஆயில் கூலர் பைப்பும் அப்படியே. இடது சக்கரத்தைச் சுற்றும் தண்டு (ஆக்சில்) கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடம் மட்டும் பளபளவென்று ஈரம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் பாதி உருகிய நீல நூல் கைப்பிடி அளவு வந்தது. மெஷினில் வைக்கோல் கட்டும் நூல்! அறுவடை சமயத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல்மேல் ஏற்றி ஓட்டியிருக்கிறேன், அது ஆக்சிலில் சுற்றிச் சுற்றி, ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீலை அறுத்துவிட்டது. ஆயில் குறைந்ததால் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் பம்ப் காற்றை இழுத்திருக்கிறது, டி-யில் தாமதம் அதனால்தான்.

பழைய ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்து, கருகிய வாடை இல்லை, கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் கிளட்ச் தப்பித்தது என்றார். புது சீல், புது ஆயில். சூடான இன்ஜினை ஓடவிட்டு, எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு, பி-யில் (பார்க்கிங்) நிறுத்தித்தான் டிப்ஸ்டிக் கம்பியில் ஆயில் அளவு பார்த்தார். கூலியோடு 5,800 ரூபாய்.

குறையும் இருக்கிறது. சாயங்காலம் தருகிறேன் என்றவர், சீல் திருச்சியிலிருந்து வரணும் என்று இரண்டு நாள் ஆக்கிவிட்டார். பில் கேட்டால் துண்டுச் சீட்டுதான். ஒன்றரை மணிக்கு மேல் போகாதீர்கள், சாப்பாட்டுக்குப் பூட்டினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்.