6ஜி குழாய்த் தேர்வுக்கான மூன்று வாரப் பயிற்சி: சேர்ந்து படித்தவனின் மதிப்பீடு

கட்டுமான வேலையில் பல ஆண்டுகள் பிளேட் வெல்டிங் செய்த கைதான் என்னுடையது. ஆனாலும் சாய்த்து நிறுத்திய குழாயில் செய்து காட்ட வேண்டிய 6ஜி தகுதித் தேர்வில் முதல் முறை, வெல்டை அறுத்து வளைத்துப் பார்க்கும் பென்ட் டெஸ்டில் தோற்றுப்போனேன். இரண்டாம் முறை போவதற்கு முன் இத்தேர்வுக்கென்றே நடத்தப்படும் மூன்று வாரப் பயிற்சியில் சேர்ந்தேன், தேர்ச்சியும் பெற்றேன். குறைகளையும் எழுத இருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். வெல்டின் மேலடுக்கான கேப்பிங்கை அழகாக அடுக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் எங்கும் கிடைக்கிறார்கள். தேர்வில் ஆளைக் கவிழ்ப்பதோ அடியில் போடும் முதல் அடுக்கான ரூட்டும், வெல்டிங் குச்சியான ராடு தீர்ந்து அடுத்த ராடைத் தொடங்கும் அந்தச் சிறு இடமும்தான். இதைப் புரிந்துகொண்டு பாடத்தை அமைத்திருப்பதே இந்த நிலையத்தின் பலம்.

பயிற்சிக்கும் தேர்வுக்கும் கொடுக்கப்பட்டது 6 அங்குல, ஷெட்யூல் 80 என்ற தடிமன் வகைக் கார்பன் ஸ்டீல் குழாய். சுவரின் தடிமன் 10.97 மி.மீ. அதை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் குனிந்தும் நிமிர்ந்தும் அதைச் சுற்றி வர வேண்டும். ரூட்டுக்கு இ6010 ராடும், அதன்மேல் வரும் அடுக்குகளுக்கு இ7018 ராடும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதித்தொகுப்பில் ஒன்பதாம் பிரிவின்படி இந்த ஒரு நிலையில் தேறினால் மற்ற எல்லா நிலைகளுக்கும் தகுதி கிடைத்துவிடும் என்பதால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

முதல் நான்கு நாட்கள் ரூட் போட ஆர்க்கே பற்றவைக்க விடவில்லை. குழாய் முனையின் சரிவான பெவலைத் தீட்டுவது, அதன் அடியிலுள்ள தட்டை விளிம்பான ரூட் ஃபேஸைச் சுற்றிலும் ஒரே அளவில் அரம் போடுவது, இரு துண்டுகளையும் மட்டம் பிசகாமல் சேர்த்து, சிறு பிடிப்பு வெல்டான டேக் வைப்பது, அதை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி சேர்ப்பது, இவ்வளவே வேலை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் ரூட் போட்டபோது காரணம் விளங்கிற்று. பூச்சைத் தட்டி உதிர்த்த 3.15 மி.மீ. ராடின் கம்பியை வளைத்து இடைவெளியில் செருகி, அது தடையில்லாமலும் ஆட்டமில்லாமலும் சுற்றி வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். ஒரு பக்கம் டேக் வைத்ததும் உலோகம் சுருங்கி அந்தப் பக்கத்து இடைவெளி குறையும். ஆகவே இரண்டாவது டேக்கை நேர் எதிரே வைக்க வேண்டும், மூன்றாவதை வைக்குமுன் கம்பியைச் செருகி மறுபடி அளக்க வேண்டும். டேக்கின் இரு முனைகளையும் மெல்லிய கிரைண்டர் டிஸ்கால் இறகு போல் சீவிவிட்டால்தான் ரூட் அதனோடு உருகிச் சேரும். இதை நான் முன்பே அறிந்திருந்தேன். ஆனால் ஒரு நாளும் ஒழுங்காகச் செய்ததில்லை.

ரூட் பயிற்சியில் பயிற்றுநரின் முறை விசித்திரமானது. நாம் குழாயின் அடிப்புறமான 6 மணி நிலையில் தொடங்கி மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, எதிர்பாராத இடத்தில் "நிறுத்து தம்பி" என்பார். ராடு பாதிதான் எரிந்திருக்கும், உருகும் முனையில் தெரியும் ஓட்டையான கீஹோல் சரியாகத் திறந்திருக்கும்; இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும். வெல்டின்மேல் படிந்த கசடான ஸ்லாகைத் தட்டி, பிரஷ் போட்டு, நின்ற இடத்தின் பள்ளத்தைச் சரிவாகச் சீவி, சற்றுப் பின்னாலிருந்து ஆர்க்கை எழுப்பி, பள்ளத்தின் ஓரம் உருகி ஓட்டை மறுபடி திறக்கும் வரை காத்திருந்து, பிறகே நகர வேண்டும். உள்ளே ஆர்க் ஊடுருவிப் போகும் ஓசை மாறுவதைக் கேட்டே ஓட்டை திறந்ததைத் தெரிந்துகொள்ளலாம் என்று அவர் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. இரண்டாம் வார முடிவில் எனக்கும் அது கேட்கத் தொடங்கிற்று.

பின்பு அவர் செய்ததுதான் இப்பயிற்சிக்குக் கொடுத்த பணத்துக்கு ஈடானது. நிறுத்தச் சொன்ன இடங்களில் சாக்பீஸால் குறி வைத்திருப்பார். குழாய் முடிந்ததும் சரியாக அந்த இடங்களிலிருந்தே பட்டைகளை அறுத்து, அவரவர் பட்டையை அவரவரே தீட்டி, பிரஸ்ஸில் வைத்து யு வடிவமாக வளைக்கச் சொல்வார். என் முதல் பட்டை ஏறத்தாழ முக்கால் பங்கு வளையும் வரை கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தது. பிறகு ரூட்டின் நடுவே ஒரு கோடு தெரிந்து, வாய் திறப்பது போல் விரிந்தது. விதிப்படி வளைந்த மேற்பரப்பில் திறந்த குறை 3 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. என்னுடையது 7 மி.மீ. இருந்தது. உள்ளே பார்த்தால் கறுப்பாக ஒரு ஸ்லாக் துணுக்கு. பள்ளத்தைச் சீவாமல் அவசரமாக ஆர்க்கை எழுப்பியதன் பலன் அது. முதல் தேர்வில் நான் ஏன் தோற்றேன் என்பதை அந்தப் பட்டைதான் எனக்குக் காட்டியது; அன்று எனக்குக் கிடைத்திருந்தது 'தகுதி பெறவில்லை' என்ற ஒரு வரி மட்டுமே.

பட்டையைத் தீட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. கிரைண்டர் கீறல்கள் பட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் நல்ல வெல்டும் அந்தக் கீறலிலிருந்தே பிளக்கலாம். ஓரங்களை லேசாக உருட்டிவிட வேண்டும். சூட்டோடு தண்ணீரில் முக்கக் கூடாது. நல்ல வெல்டைக் கெட்ட கிரைண்டிங்கால் தோற்கடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி குறைகள். இ7018 ராடு ஈரம் உறிஞ்சும்; அதைச் சூட்டு அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே நிலையத்தில், பிரித்த ராடு பெட்டிகள் மேசைமேல் திறந்தபடி கிடந்தன. இரண்டாம் வாரம், ரூட்டுக்கு மேல் நான் போட்ட ஃபில்லிங் அடுக்குகளில் தொடர்ந்து துளை விழுந்தது. என் கையைத்தான் குறை சொன்னார்கள். ஆர்க் நீளத்தைக் குறைத்துப் பார்த்தேன், ஆம்பியரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் வற்புறுத்தி, 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டு மணி நேரம் காயவைத்த ராடுகளைப் பயன்படுத்தியபோது துளை நின்றது. இதில் வீணானது முழுதாக இரண்டு நாள். சொல்லிக்கொடுப்பதைத் தானே செய்யாத இடம் என்பதால் இதைக் கடுமையாகவே குறிப்பிடுகிறேன்.

குழாய் பொருத்தும் ஸ்டாண்டு எப்போதும் மார்பு உயரத்தில் இருந்ததும் ஒரு குறை. தேர்வில் அது இடுப்பு உயரத்தில் இருந்தது. கீழ்ப்பகுதியைப் பார்க்கத் தரையில் ஒரு முழங்கால் ஊன்றி, தோளைச் சுவரில் சாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெல்டிங் செய்முறையை வகுத்துச் சொல்லும் டபிள்யூ.பி.எஸ். தாளை வாசித்து, அதிலுள்ள ஆம்பியர் வரம்புக்குள் வேலை செய்யும் பழக்கத்தையும் இவர்கள் ஊட்டுவதில்லை. நேரக் கணக்கு வைத்து ஒரு முறைகூட மாதிரித் தேர்வு நடத்தவில்லை.

தேர்வு நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேற்பார்வையாளர் குழாயின் உச்சியில் 12 மணிக் குறியை முத்திரை குத்தினார். டேக் முடிந்ததும் பார்த்தார். ரூட் முடிந்ததும் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். அதன் பிறகு கேப்பிங் வரை அருகில் வரவேயில்லை. நான்கு பட்டைகள் அறுக்கப்பட்டன, இரண்டு ரூட் பக்கமாகவும் இரண்டு முகப்புப் பக்கமாகவும் வளைக்கப்பட்டன. ஒன்றில் மட்டும் ஓரத்தில் அரிசி முனை அளவு திறப்பு தெரிந்தது; அது வரம்புக்குள் இருந்தது.

ராடைப் பிடித்து நேராக ஒரு வரி ஓட்டத் தெரியாதவர்கள் இங்கே சேர வேண்டாம். வேகம் அவர்களுக்கு ஒத்துவராது. பிளேட்டில் கை பழகி, குழாய்க்கு மாற விரும்புபவர்களுக்கும், ஒரு முறை தோற்றுக் காரணம் தெரியாமல் இருப்பவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். தேறிய பிறகும் ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் விட்டால் தகுதி காலாவதியாகும் என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை, அதை நான் வேறிடத்தில் தெரிந்துகொண்டேன். பழைய மாணவர்கள் ஒழிந்த நேரத்தில் வந்து பயிற்சி செய்யவும், பட்டை அறுத்து வளைத்துப் பார்க்கவும் இடம் தருகிறார்கள். நானும் இரண்டு முறை போய்வந்தேன், நானே காயவைத்த ராடுகளோடு.