ஃபேஸ் டு ஃபேஸா, இன் பெர்சனா, ஒன் ஆன் ஒன்னா?

தமிழில் "நேர்ல பேசிக்கலாம்" என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் இதற்கே நாலைந்து வழி உண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் பெரும்பாலும் இலக்கணம் இடிக்காது, சொல்ல வந்த விஷயம்தான் மாறிப்போகும்.

அதிகம் குழப்புவது ஃபேஸ் டு ஃபேஸும் இன் பெர்சனும். இன் பெர்சன் என்றால் ஆள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'அப்ளை இன் பெர்சன்' என்று போட்டிருந்தால் கவுன்ட்டருக்குப் போயாக வேண்டும், தபால் செல்லாது. கச்சேரியைக்கூட இன் பெர்சன் கேட்கலாம். ஆனால் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டதை ஃபேஸ் டு ஃபேஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதற்கு முகங்கள் எதிரெதிரே இருக்க வேண்டும். அதனாலேயே அதில் கொஞ்சம் காரம் உண்டு. 'ஐ வான்ட் டு டாக் டு யூ ஃபேஸ் டு ஃபேஸ்' என்று மேலாளருக்கு மெயில் போனால், ஏதோ பஞ்சாயத்து என்றுதான் அவர் நினைப்பார். சாதாரண வேலைக்கு 'கேன் வி டிஸ்கஸ் திஸ் இன் பெர்சன்?' போதும்.

ஃபேஸ் டு ஃபேஸுக்குப் பின்னால் 'வித்' வந்தால் பேச்சே இருக்க வேண்டியதில்லை. சிறுத்தைக்கு எதிரே நேருக்கு நேர் நிற்பதையும் அப்படிச் சொல்லலாம், மரணத்தை எதிர்கொள்வதையும் சொல்லலாம். 'வித்' வர வேண்டிய இடத்தில் 'டு' போட்டு 'ஃபேஸ் டு ஃபேஸ் டு ஹிம்' என்பது பிழை. 'வி மெட்' என்பதற்குப் பின்னால் வரும்போது இடைக்கோடு வேண்டாம். மீட்டிங், இன்டர்வியூ போன்ற பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் மூன்று சொல்லையும் இடைக்கோட்டால் இணைக்க வேண்டும்.

நம் ஊரில் இன் பெர்சனுக்குப் பதில் 'பெர்சனலி' போடும் பழக்கம் இருக்கிறது. 'ஐ வில் ஹேண்டில் இட் பெர்சனலி' என்றால் 'வேறு ஆளிடம் விடாமல் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று பொருள். அதைப் போனிலேயே முடித்துவிடலாம். 'தனியா சொல்றேன்' என்பதற்கும் அது சரிவராது. அங்கே 'இன் பிரைவேட்' வேண்டும்.

ஒன் ஆன் ஒன்னில் எண்ணிக்கை மட்டுமே கணக்கு: இரண்டே பேர். வீடியோ காலிலும் நடத்தலாம். பிரிட்டிஷ் வழக்கில் ஒன் டு ஒன். இதை 'ஒன் பை ஒன்' ஆக்கினால் ஒருவர் பின் ஒருவராக என்று அர்த்தம். க்யூவில் நிற்கவைத்த மாதிரி.

டெட் அ டெட் பிரெஞ்சிலிருந்து வந்தது, நேர்ப்பொருள் தலைக்குத் தலை. இருவர் தனியே நெருக்கமாகப் பேசுவது. அலுவலக மெயிலில் சற்று மினுக்கலாகத் தெரியும், தவிர்க்கலாம். அதையே ஆங்கிலமாக்கி 'ஹெட் டு ஹெட்' என்றால் போட்டி: கிரிக்கெட்டில் இரண்டு அணிகளின் வெற்றி தோல்விக் கணக்குக்குப் போடுவார்களே, அது. 'ஐ டு ஐ'யும் இப்படித்தான் காலை வாரும். 'வி டோன்ட் ஸீ ஐ டு ஐ' என்றால் சந்திப்பதில்லை என்று பொருளல்ல, கருத்து ஒத்துப்போகவில்லை என்பதுதான்.